எம்.பி.டி.பி. நச்சும் மைட்டோகாண்ட்ரியா ஆய்வின் வரலாறும்

எம்.பி.டி.பி. என்பது செயற்கைப் போதைப்பொருள் தயாரிப்பில் தவறுதலாக உருவாகும் ஒரு வேதிப்பொருள். வெளியிலிருந்து உடலுக்குள் புகும் நச்சு மைட்டோகாண்ட்ரியாவை முடக்கி, பார்க்கின்சன் நோயை (நடுக்குவாதம்) ஒத்த நிலையை உண்டாக்க முடியும் என்பது இப்பொருளின் மூலமே தெளிவாயிற்று.

1982ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சாண்டா கிளாரா பள்ளத்தாக்கு மருத்துவ மையத்திற்கு 42 வயதுடைய ஒருவர் அசைவும் பேச்சும் இன்றிச் சிலைபோன்ற நிலையில் கொண்டுவரப்பட்டார். முதலில் இது மனநோய் என்றே கருதப்பட்டது. நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் குழுவினர் அவர் விரல்களுக்கிடையே பென்சிலை வைத்தபோது, அவர் மெல்ல மெல்ல எழுதத் தொடங்கினார். அறிவு தெளிவாகவே இருந்தது, உடல்தான் பணியவில்லை. முதுமையில் வரும் நோயின் அறிகுறிகள் அவரிடம் சில நாட்களிலேயே முற்றியிருந்தன. அதே பகுதியில் மேலும் சிலர் இதேபோல் பாதிக்கப்பட்டிருந்தனர். அனைவரும் ஹெராயினுக்கு மாற்றாக விற்கப்பட்ட செயற்கைப் பொருளை ஊசி மூலம் ஏற்றிக்கொண்டவர்கள்.

இதற்கான தடயம் முன்பே அச்சில் இருந்தது. 1976இல் மேரிலாந்தில் வேதியியல் மாணவர் ஒருவர் அதே வகைப் பொருளைத் தாமே தயாரித்துச் செலுத்திக்கொண்டு இதே நிலைக்கு உள்ளானார். அவரது இறப்புக்குப்பின் மூளையை ஆராய்ந்து எழுதப்பட்ட கட்டுரை 1979இல் வெளிவந்தும் அதிகம் கவனிக்கப்படவில்லை. நல்ல கட்டுரைகளுக்கும் இக்கதி நேர்வதுண்டு. லாங்ஸ்டன் குழுவினர் நால்வரின் நோய் விவரங்களை 1983இல் சயின்ஸ் இதழில் வெளியிட்டனர்.

எம்.பி.டி.பி. நேரடியாகக் கொல்வதில்லை. மூளைக்குள் மோனோஅமைன் ஆக்சிடேஸ்-பி என்னும் நொதி அதனை எம்.பி.பி. அயனியாக மாற்றுகிறது. டோப்பமின் சுரக்கும் நரம்பணுக்கள், டோப்பமினை உள்ளிழுக்கும் வழியாகவே இந்த அயனியையும் உள்ளிழுத்துக்கொள்கின்றன. அங்கே அது மைட்டோகாண்ட்ரியாவில் சேர்ந்து, நாம் மேல்நிலை வகுப்பில் படித்த எலக்ட்ரான் கடத்துச் சங்கிலியின் முதல் கூட்டமைப்பைத் தடுக்கிறது. ஏ.டி.பி. உற்பத்தி குறைந்து அணு மடிகிறது. முதல் கூட்டமைப்பு தடைபடுவது 1985இல் கண்டறியப்பட்டது.

அப்படியானால் போதைப்பொருளைத் தொடாத சாதாரண நோயாளிகளின் நிலை என்ன? 1989இல் லண்டனில் ஷபிரா குழுவினர், இறந்த நோயாளிகளின் மூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்னும் பகுதியைச் சோதித்து, அதே முதல் கூட்டமைப்பின் செயல்பாடு குறைந்திருப்பதைக் கண்டனர். 2000இல் கிரீனமையர் குழுவினர், தாவர வேர்களிலிருந்து எடுக்கப்படும் ரோட்டினோன் என்னும் பூச்சிக்கொல்லியை எலிகளுக்குத் தொடர்ந்து செலுத்தி இதே பாதிப்பை உண்டாக்கினர். அமெரிக்காவில் பூச்சிக்கொல்லி தெளிப்போரிடையே நடந்து 2011இல் வெளியான ஆய்வில், ரோட்டினோன் பயன்படுத்தியவர்களிடம் இந்நோய் ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகமாகக் காணப்பட்டது.

சோதனை முறையில்தான் சிக்கல். உயிரோடிருப்பவரின் மூளையிலிருந்து திசுவை எடுத்துப் பார்க்க இயலாது. இரத்தத் தட்டுகளிலும் தசையிலும் அளந்து பார்த்தனர். நோயாளிகளின் அளவுகளும் நலமுள்ளோரின் அளவுகளும் ஒன்றோடொன்று கலந்தே கிடந்தன. தனி ஒருவருக்கு இந்நோய் உள்ளதா என்று கூற அந்த அளவு போதாது. ஆகவே, ஒரு துளி இரத்தத்தில் மைட்டோகாண்ட்ரியாவின் நிலையை முழுதும் சொல்லிவிடுவோம் என்னும் விளம்பரங்களை மாணவர்கள் ஐயத்தோடு பார்ப்பது நல்லது.

சிகிச்சையிலும் நம்பிக்கை எழுந்து தளர்ந்தது. மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரானைச் சுமக்கும் கோஎன்சைம் கியூ10 நோயின் வேகத்தைக் குறைப்பதாக, 80 பேரிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. பின்னர் 600 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு, பயன் தெரியாததால் 2011இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. கலிஃபோர்னியா நோயாளிகளுக்கு அன்று அசைவைத் திருப்பித் தந்தது லெவோடோப்பா. இன்றும் பார்க்கின்சன் நோய்க்கு முதன்மை மருந்து அதுவே. அது டோப்பமின் குறைவை ஈடுசெய்கிறது, மைட்டோகாண்ட்ரியாவைச் சரிசெய்வதில்லை.