ஒரே பாட்டு, எத்தனை அச்சு?

தில்லைக் கோயிலின் பூட்டிய அறையில் தேவார ஏடுகள் கிடைத்த கதையைத் தமிழர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் கதவைத் திறந்தார்கள். கறையான் அரித்தது போக மிஞ்சியதைத் திரட்டினார்கள். உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் திருமுறைகண்ட புராணம் அதோடு நின்றுவிடுவதில்லை. ஏடு கையில் இருக்கிறது, எந்தப் பதிகத்தை எந்தப் பண்ணில் பாடுவது என்று தெரியவில்லை. விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் உள்ள எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் இருப்பது தெரிந்து, அவரைத் தில்லைக்கு அழைத்துவந்து பண்களை வகுத்துக்கொண்டார்கள் என்கிறது புராணம். இதில் வரலாறு எவ்வளவு, பக்தி எவ்வளவு என்பது தனி விவாதம். ஆனால் இந்தக் கதையைச் சொன்னவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரிந்திருந்தது. ஏடு சொல்லைக் காப்பாற்றும். பாடும் முறை பாடுகிறவரோடு போய்விடும்.

அந்தக் குறையைத் தீர்க்க வந்த முதல் கருவி கிராமபோன். 1902இல் ஃபிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் போன்றவர்களின் பாட்டைப் பதிவு செய்தார். பதிவு இங்கே நடந்தாலும் தட்டு அச்சானது ஜெர்மனியின் ஹானோவரில். 1908இல் கிராமபோன் கம்பெனி கல்கத்தாவின் சியால்டாவில் ஆலை திறந்தது. 1928வாக்கில் அது டம்டமுக்கு இடம் மாறியது. தட்டுக்கு வேண்டிய அரக்கில் பெரும்பங்கு சோட்டா நாக்பூர் காடுகளிலிருந்துதான் உலகமெங்கும் போயிற்று. தமிழ்நாட்டில் நாடக நடிகர்களும் கச்சேரி வித்வான்களும் ‘பிளேட் கொடுக்க’த் தொடங்கினார்கள். 1926இல் எம்.எஸ். சுப்புலட்சுமி பத்து வயதில் முதல் தட்டு கொடுத்தார். 1932இல் ஏ.வி. மெய்யப்பனும் கூட்டாளிகளும் தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் கம்பெனியோடு சேர்ந்து தமிழ்த் தட்டுகளைக் கொண்டுவந்தது. இந்தத் தட்டுகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் ஒரே பாட்டுக்கு இரண்டு மூன்று அச்சுகளை வாங்கி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கேட்பதைப் பார்க்கும்போது, வேலையற்ற வேலை என்றுதான் பலருக்கும் தோன்றும். பழைய சுவடிகளை அடுக்கி வைத்துப் பாடம் பார்த்தவர்களின் வேலைக்குச் சமமான வேலை அது என்பது என் கட்சி. அதற்கு உரிய மரியாதையும் முறையும் இன்னும் நம்மிடம் வரவில்லை.

உடனே ஒரு மறுப்பு எழும். சுவடி கையால் எழுதுவது. எழுதுகிறவர் மாறினால் பாடமும் மாறும். தட்டு இயந்திரத்தில் அச்சாவது. ஆயிரம் தட்டும் ஒன்றுபோலத்தானே இருக்கும்? தட்டு எப்படி உருவாகிறது என்று பார்த்தால் இந்த மறுப்பு நிற்காது. பாட்டை முதலில் மெழுகில் கீறுவார்கள். அதன்மேல் உலோகம் படியவைத்து எதிர்வடிவம் எடுப்பார்கள்; அதிலிருந்து தாய்த்தட்டு; தாய்த்தட்டிலிருந்து அச்சுத்தகடு. சூடான அரக்குக் கலவையை இரண்டு அச்சுத்தகடுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் தட்டு. அச்சுத்தகடு தேயும், தேய்ந்த தகட்டில் அச்சான தட்டில் உச்ச ஸ்தாயி மங்கும், ‘ச’வும் ‘ஸ’வும் கரகரக்கும். கலவையில் அரக்கோடு கல்பொடியும் கரியும் சேரும். விகிதம் மாறினால் இரைச்சல் மாறும். பாடகரை ஒரே பாட்டை இரண்டு மூன்று முறை பாடச் சொல்லிப் பதிவதும் வழக்கம். ஒரே விற்பனை எண்ணில் முதல் பதிவு கொஞ்ச நாளும் இரண்டாம் பதிவு பிறகும் வெளிவருவது உலகமெங்கும் நடந்தது. அப்போது லேபிளில் பெயர், ராகம், தாளம் எல்லாம் ஒன்றாகவே இருக்கும்; உள்ளே இருப்பது வேறு பதிவு, வேறு சங்கதி. இதைக் காட்டிக்கொடுக்கும் இடம் ஒன்றுதான். பாட்டின் கீறல் முடிந்து லேபிள் தொடங்கும் முன் உள்ள வழவழப்பான வளையத்தைச் சாய்வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், சிறிய எண்ணும் எழுத்தும் பொறித்திருப்பது தெரியும். மேட்ரிக்ஸ் எண் என்பது அதுதான். எத்தனையாவது பதிவு என்பது பெரும்பாலும் அதன் கடைசி இலக்கத்தில் இருக்கும். 1931இல் ஹெச்.எம்.வி.யும் கொலம்பியாவும் ஒரே கம்பெனிக்குள் வந்தபின், லேபிளை மட்டும் நம்பி ஒரு தட்டின் பூர்வீகத்தைச் சொல்லவே முடியாது.

வேகம் இன்னும் பெரிய சங்கதி. 78 சுற்று என்று நாம் பொதுவாகச் சொல்கிறோமே தவிர, ஆரம்பகாலத் தட்டுகள் எல்லாம் அந்த வேகத்தில் பதிவானவை அல்ல. கொலம்பியா கம்பெனியே ஒரு காலம் 80 சுற்று என்று வைத்திருந்தது. நிமிடத்துக்கு 78 சுற்றில் சுழல வேண்டிய தட்டு ஏறக்குறைய 82½ சுற்றில் சுழன்றால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். இரண்டு கட்டையில் பாடியவர் இரண்டரையில் பாடியதாக ஆகிவிடும். சுருதி மட்டும் ஏறினால் போகட்டும் என்று விடலாம். கமகமும் அதே அளவுக்கு விரைகிறது. நிதானமாக அசைந்த காந்தாரம் நடுங்குவதுபோல் கேட்கிறது. “அந்தக் காலத்தில் எல்லாரும் துரிதமாகவே பாடினார்கள்” என்று பழைய தட்டைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறவர்கள், தட்டு எந்த வேகத்தில் பதிவானது என்று முதலில் கேட்க வேண்டும். மூன்றரை நிமிடத்துக்குள் முடிக்க அவசரப்பட்டவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. பாடகரின் அவசரம் எது, மோட்டாரின் அவசரம் எது என்று பிரித்துச் சொல்ல ஒரே தட்டு போதாது. வேறு அச்சும், அதே பாடகரின் வேறு தட்டுகளும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தில்லை என்ற சிதம்பரத்தைப் பொறுத்தவரை, அச்சுகளை ஒப்பிடும் இந்த வேலை நேராக நந்தனாரிடம் வந்து நிற்கிறது. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் 1860களின் தொடக்கத்தில், காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி சீசேயின் உதவியோடு அச்சேறியது. தில்லையைப் பார்க்கத் துடிக்கும் ஒரு பண்ணையாளின் குரலாக அந்தக் கீர்த்தனைகள் கதாகாலட்சேபத்திலும் நாடகத்திலும் ஊர் ஊராகப் போயின. புத்தகத்தில் ராகம், தாளப் பெயர் இருக்கும். அதற்குமேல் ஒன்றும் இருக்காது. ‘வருகலாமோ’ மாஞ்சி ராகம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் மாஞ்சி பைரவிக்கு மிக நெருங்கிய ராகம். இரண்டையும் பிரிப்பது சில பிடிகளும் அவற்றைப் பிடிக்கும் விதமும்தான். அந்தப் பிடிகள் தலைமுறைக்குத் தலைமுறை எப்படி இளகின என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது, தட்டு சொல்லும். 1935இல் வந்த ‘நந்தனார்’ படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும் மகாராஜபுரம் விசுவநாதய்யர் வேதியராகவும் நடித்தார்கள். சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் என்று நாடே பேசிய படம். அதன் பிரதி இன்று இல்லை. 1942இல் ஜெமினியின் ‘நந்தனார்’ வந்தது, அதில் எம்.எம். தண்டபாணி தேசிகர். அந்தக் காலப் படங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 1930களில் படப்பிடிப்பின்போதே நடிகர் பாடியது படத்துக்கு. கடையில் விற்ற தட்டுக்குப் பெரும்பாலும் தனியாக ஒருமுறை பாடினார்கள். ஆக, படத்தின் பாட்டும் தட்டின் பாட்டும் ஒரே மூச்சில் வந்தவை அல்ல. படம் அழிந்துபோன இடத்தில், தட்டு வைத்திருப்பவர் கையில் இருப்பது படத்தின் மிச்சம் என்று நினைத்துவிடக் கூடாது. அது தனிச் சான்று, தனியாகவே எடைபோட வேண்டும்.

இங்கே உ.வே. சாமிநாதையரை நினைக்காமல் இருக்க முடியாது. மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்த நாளில் கோபாலகிருஷ்ண பாரதியிடம் சங்கீதம் கற்றுக்கொண்டவர் அவர். 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தார். 1936இல் பாரதியின் வரலாற்றையும் எழுதினார். சீவக சிந்தாமணிக்கு ஒரு சுவடி கிடைத்ததும் அச்சுக்கூடத்துக்கு ஓடவில்லை. ஊர் ஊராய் அலைந்து பிரதி சேர்த்து, எது எதில் என்ன பாடம் என்று குறித்துக்கொண்ட பிறகே பதிப்பித்தார். அவர் ஆசிரியரின் கீர்த்தனைகள் ஒலியாக இருக்கும் தட்டுகளை நாம் அப்படி நடத்தவில்லை. கையில் கிடைத்த ஒன்றை ஓடவிட்டு, இரைச்சலை மென்பொருளால் வழித்து, பெயர்கூடச் சரியாகப் போடாமல் இணையத்தில் ஏற்றிவிடுகிறோம். இணையத்தில்தான் எல்லாம் கிடைக்கிறதே, தட்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். கிடைப்பது யாரோ ஒருவர் தேர்ந்த ஒரு பிரதி, அவர் வைத்த வேகம், அவர் நீக்கிய ஓசை. எந்த அச்சு, எந்தப் பதிவு என்று அதில் குறித்திருந்தால் சான்றாகக் கொள்ளலாம். இல்லாவிட்டால் கேட்டு மகிழலாம், அவ்வளவுதான்.

சேகரிப்பவர்கள் ஆராய்ச்சிக்காக வாங்குவதில்லை, கிடைக்காத பொருளை வைத்திருக்கும் பெருமைக்காக வாங்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் ‘சோல்’ இசையில் இது உச்சத்துக்குப் போயிற்று. 1960களில் விற்காமல் போன 45 சுற்றுச் சிறுதட்டுகளை வட இங்கிலாந்தின் நடன அரங்குகள் தேடித் தேடி வாங்கின. ஃபிராங்க் வில்சன் 1965இல் பாடிய ஒரு தட்டின் பிரதி 2009இல் 25,000 பவுண்டுக்குமேல் விலைபோயிற்று. அந்த அரங்குகளில், போட்டியாளர் கண்டுபிடிக்கக் கூடாது என்று லேபிளை மறைத்துப் பொய்ப்பெயர் ஒட்டித் தட்டை ஓடவிட்டவர்களும் உண்டு. ஆனாலும் அந்த வெறியிலிருந்துதான் அறிவும் பிறந்தது. எந்த ஆலையில் அச்சானது, வினைலா ஸ்டைரீனா, ஓரத்தில் பொறித்த எண் எந்த மாதத்தைக் காட்டுகிறது என்றெல்லாம் அவர்கள் பட்டியல் போட்டார்கள். கம்பெனிகள் பாதுகாக்காத வரலாறு அது. ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். அந்தச் சோல் தட்டுகள் யாரும் வாங்காததால் அரிதாயின. நம் தட்டுகள் கேட்டுக் கேட்டுத் தேய்ந்ததால் அரிதாயின. எஃகு முள்ளைப் பக்கத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். காசு மிச்சம் பிடிக்க அதே முள்ளைப் பத்துப் பாட்டுக்கு ஓட்டிய வீடுகளே அதிகம். மக்கள் மிகவும் விரும்பிய பாட்டுதான் இன்று மிகவும் மோசமான நிலையில் இருக்கிறது. நம்மிடம் இரண்டாவது மூன்றாவது பிரதி தேவைப்படுவதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

மூன்று நிமிடத் தட்டு முழுக் கீர்த்தனையைக் காட்டாது, சரணத்தை வெட்டிவிடும், அதை வைத்து மரபைப் பேசுவது தவறு என்பது சங்கீதக்காரர்களின் ஆட்சேபம். நியாயமானது. ஆனால் இரண்டு சரணம் போனால் எதை விட்டார், எதை வைத்தார் என்பதே ஒரு செய்தி. அதே பாட்டை இரண்டு பக்கமாகப் பிரித்துக் கொடுத்த தட்டும் ஒரே பக்கத்தில் அடக்கிய தட்டும் பக்கத்தில் இருந்தால், பாடகரும் கம்பெனியும் எதை முக்கியம் என்று நினைத்தார்கள் என்பது தெரிந்துவிடும். கச்சேரியை அது முழுதாகத் தராது. தருகிற அளவு வேறு எதிலும் இல்லை.

இந்தியாவில் 78 சுற்றுத் தட்டு 1960களின் இறுதிவரை அச்சானது. பீட்டில்ஸ் பாட்டுகூட டம்டமில் 78ஆக வந்து, இன்று வெளிநாட்டுக்காரர்கள் அதைத் தேடுகிறார்கள். ஆக நம்மிடம் அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட கையிருப்பு உண்டு. சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் போன்ற தனிமனிதரும் ரோஜா முத்தையா நூலகமும் சேர்த்ததில்தான் பெரும்பகுதி தப்பியது. சிதம்பரத்துக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. 1941இல் அண்ணாமலைநகரில் கூடிய மாநாட்டிலிருந்துதான் தமிழிசை இயக்கம் வலுப்பெற்றது. தண்டபாணி தேசிகர் அங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறைக்குத் தலைவராக இருந்தவர். ஊர்ப்பெயரையே முன்னால் சுமந்த சிதம்பரம் எஸ். ஜெயராமன் இந்த மண்ணின் பாடகர். 1952இல் ‘பராசக்தி’க்காக அவர் பாடியவை 78இல் தொடங்கிக் கேசட்வரை எத்தனை அச்சில் வந்தன, அவற்றில் எது முதற்பதிவுக்கு நெருக்கம் என்று ஒருவர் உட்கார்ந்து பார்த்தால் அதுவே ஓர் ஆய்வேடு. அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறை, நந்தனார் கீர்த்தனைத் தட்டுகளிலிருந்து தொடங்கி, மேட்ரிக்ஸ் எண், பதிவு எண், அச்சான இடம், ஓட்டிய வேகம் நான்கையும் குறித்த அட்டவணை ஒன்றைத் தயாரிக்க வேண்டும். சிதம்பரம், கடலூர் வட்டாரத்தில் வீட்டுப் பரணில் பழைய பிளேட் வைத்திருப்பவர்கள், அதைப் பழைய சாமான்காரருக்குப் போடும் முன், லேபிளையும் அந்த வளையத்து எண்ணையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஒருவரிடம் அதே பாட்டு இருக்கிறது என்று தெரிந்தாலும் எடுத்து வையுங்கள்.