ஆறு குருதி மாதிரிகள்: சென்னையில் எச்.ஐ.வி. ஆய்வு தொடங்கிய வரலாறு

இந்திய எச்.ஐ.வி. ஆய்வின் வரலாறு 1986ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் தொடங்குகிறது. அமெரிக்காவில் எய்ட்ஸ் முதன்முதலாகப் பதிவாகி அப்போது ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அது மேலைநாட்டு நோய், இந்தியக் குடும்ப ஒழுக்கத்தை மீறி உள்ளே வாராது என்ற நம்பிக்கை இங்கே வலுவாக இருந்தது. அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தவர் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன். தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவின் முதுநிலை ஆய்வேட்டுக்கு அதையே பொருளாக்கினார்.

நிர்மலா காப்பகங்களில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் மாதிரிகள் சேகரித்தார். கையுறைகூட இல்லாத நிலை. மாதிரிகளை வைக்க வீட்டுக் குளிர்பதனப் பெட்டியே உதவியது. சோதனை வசதி வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இருந்தது. கணவருடன் இரவு ரயிலில் காட்பாடிக்கு அவற்றைக் கொண்டுசென்றார். அங்கு ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் நடந்த எலிசா சோதனையில் ஆறு மாதிரிகள் நிறம் மாறின. அமெரிக்காவில் செய்த மறுசோதனையும் அதையே உறுதிப்படுத்தியது. தமிழகச் சட்டமன்றத்தில் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே செய்தியை அறிவித்தார்.

நோய்ப்பரவலியல் நோக்கில் இது பெருவெற்றி. எனினும், எதற்காகக் குருதி எடுக்கப்பட்டது என்பது அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. சொல்லியிருந்தாலும் புரிந்திருக்காது என்று நிர்மலா பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். முடிவை அறிந்தபின் அளிக்க மருந்தும் இல்லை. அடுத்த ஆண்டுகளில் தொற்று உறுதியான பெண்கள் சிலர், காவல் காலம் முடிந்தும் காப்பகத்திலேயே வைக்கப்பட்டனர்; அவர்களை விடுவிக்க உயர்நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. பரிசோதனை நோயைக் காட்டியது. நோயாளிக்கு அது சிறையாகவே முடிந்தது.

இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சியாகவே சாலமனின் பிற்காலப் பணியைக் காண வேண்டும். 1993இல் அரசுப் பணியை விட்டு, தந்தை பெயரால் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆலோசனை, பரிசோதனை, சிகிச்சை, ஆய்வு ஆகியவை அங்கு ஒரே கூரையின் கீழ் வந்தன. அவரும் மருத்துவர் என். குமாரசாமியும் நோயாளிகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து எழுதிய ஆய்வுகள் இரண்டு உண்மைகளை நிலைநாட்டின. முதலாவது, அமெரிக்காவில் நிமோசிஸ்டிஸ் நிமோனியா முன்னின்றதுபோல், தென்னிந்தியாவில் காசநோயே தலையாய சந்தர்ப்பவாதத் தொற்று. ஆகவே எச்.ஐ.வி. உள்ளவருக்குக் காசநோய்ப் பரிசோதனை இன்றியமையாதது. இரண்டாவது, தொற்றுற்ற பெண்களில் மிகப் பலர் கணவரைத் தவிர வேறு உறவு அறியாதவர்கள். ‘குடும்ப ஒழுக்கம்’ என்னும் அரண் அவர்களைக் காக்கவில்லை.

மருந்தின் கதை தனி. 1996இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபோது அதன் ஆண்டுச் செலவு 10,000 டாலருக்கும் மேல். 2001இல் சிப்லா நிறுவனம் 350 டாலருக்குத் தர முன்வந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று அரசின் இலவசச் சிகிச்சைத் திட்டம் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை அதன் முதல் மையங்களுள் ஒன்று. சென்னை பங்கேற்ற ஒன்பது நாட்டு ஆய்வொன்று, தொடக்கத்திலேயே தரும் சிகிச்சை இணையருக்குத் தொற்று பரவுவதை 96 விழுக்காடு குறைக்கும் என 2011இல் காட்டியது.

சாலமன் 2015இல் மறைந்தார். இரண்டாண்டுகளுக்குப் பின் இயற்றப்பட்ட எச்.ஐ.வி. சட்டம், விவரமறிந்த ஒப்புதலின்றிப் பரிசோதனை கூடாது என விதித்தது. அந்த ஆறு பெண்களிடம் கேட்கப்படாத கேள்வி சட்டத்தில் இடம்பெற 31 ஆண்டுகள் ஆயின. அவர்களின் பெயர்கள் எந்த மருத்துவ வரலாற்றிலும் இல்லை.