காந்தா: வங்காளத்தின் பழந்துணிப் போர்வை

உடுத்தி நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் சில அடுக்குகளாக விரித்து, ஒன்றாகச் சேர்த்துத் தைக்கும் வங்காளப் போர்வைக்குக் காந்தா என்று பெயர். இன்றைய மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் வழங்கிய இக்கலை விற்பனைக்காகப் பிறந்ததல்ல. பாட்டி பேரனுக்கும், தாய் மகளுக்கும், மகள் தந்தைக்கும் தைத்துக் கொடுத்த பொருள் இது.

கரை இழைகளை ஒவ்வொன்றாக உருவினால் வண்ண நூல் கிடைத்துவிடும் என்பதால், வண்ணத்துக்கென்று தனியே செலவில்லை. துணிகளைத் தரையில் சுருக்கமின்றி விரித்து, ஓரங்களை மடித்துத் தைத்து, அடுக்குகள் நழுவாதபடி நீளமாக நூலோட்டுவார்கள். நடுவில் தாமரை, மூலைகளில் மரம் அல்லது மாங்காய் வடிவம், இடையில் மீன், யானை, தேர், பல்லக்கு என உருவங்கள் அமையும். மிஞ்சிய வெள்ளைப் பரப்பை, உருவங்களின் விளிம்பை ஒட்டியே நெருக்கமான ஓட்டுத் தையலால் நிரப்புவார்கள். காந்தாவை முழுமையாக்குவது இந்த நிரப்புத் தையல்தான். துணி லேசாகச் சுருங்கி நீரலைபோல் நெளிவதும், நைந்த துணி மீண்டும் நெடுநாள் உழைப்பதும் இதனால்தான். வீட்டு வேலை ஓய்ந்த பொழுதுகளில் மட்டும் தைத்ததால் பெரிய காந்தா ஒன்று முடியப் பல மாதங்கள், சில வேளை ஆண்டுகள் ஆகும்.

குளிருக்கு லேப், விசேஷ நாள் விரிப்புக்குச் சுஜ்னி, கண்ணாடியும் சீப்பும் சுற்றிவைக்க ஆர்ஷிலதா என ஒவ்வொரு தேவைக்கும் ஒரு வகை இருந்தது. பிறந்த குழந்தையைப் பழந்துணிக் காந்தாவில் சுற்றுவார்கள். பலமுறை துவைத்த துணியின் மென்மை ஒரு காரணம். கண்ணேறு படாது என்ற நம்பிக்கை இன்னொன்று.

வீட்டுக்குள் இருந்த இக்கலை 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கொல்கத்தா அறிஞர்களின் கவனத்தைப் பெற்றது. ஐ.சி.எஸ். அதிகாரி குருசதய் தத் (1882–1941) ஊர் ஊராகக் காந்தாக்களைத் திரட்டினார். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஸ்டெல்லா க்ராம்ரிஷ் 1939இல் இதுபற்றி விரிவான கட்டுரை எழுதினார். தத்தின் சேகரிப்பு நகரின் தெற்கே ஜோக்காவில் உள்ள குருசதய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மானதாசுந்தரி தாசி என்பவர் தன் தந்தைக்காகத் தைத்த 19ஆம் நூற்றாண்டுக் காந்தா அங்கு புகழ்பெற்றது. அவர் தன் பெயரையும் நூலாலேயே அதில் எழுதிவைத்திருக்கிறார். பெண்களின் கைவேலை பெரும்பாலும் பெயரின்றிப் போன காலத்தில் இது அரிய ஆவணம்.

1980களிலிருந்து காந்தாத் தையல் புதிய பட்டுச் சேலைகளுக்கும் துப்பட்டாக்களுக்கும் மாறியது. உருவங்கள் தைத்த காந்தாவான மேற்கு வங்கத்தின் நக்ஷி காந்தா 2008இல் புவிசார் குறியீடு பெற்றது. கொல்கத்தாவை அடுத்த சோனார்பூரின் பிரீத்திகணா கோஸ்வாமிக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இன்று பல பெண்களுக்கு இது வருமானம். ஆனால் ஒற்றைப் பட்டில் தைக்கும்போது அடுக்கும் பழந்துணியும் கரை இழையும் விடுபட்டு, தையல் மட்டுமே மிஞ்சுகிறது. இல்லாமையைச் சிக்கனத்தாலும் அழகுணர்ச்சியாலும் வென்ற பெண்களின் திறமையை முழுமையாகக் காட்டுபவை பழைய போர்வைகளே. அவற்றைக் காப்பது அருங்காட்சியகங்களின் தலையாய கடமை.