தறி போட்ட பேட்டை

சென்னையில் ‘பேட்டை’ என்றதும் இன்று பலருக்கு ‘பேட்டை ரவுடி’தான் நினைவுக்கு வருகிறது. ஒரு நல்ல சொல்லுக்கு இப்படி நேர்ந்தது வருத்தம் தருகிறது. சந்தை கூடும் ஊருக்கும், நகரை ஒட்டித் தொழிலாளர் குடியிருந்த பகுதிக்கும் வழங்கிய பெயர் அது. தெலுங்கில் பேட்ட, கன்னடத்தில் பேட்டெ. பெங்களூரில் அரிசிக்கு அக்கிப்பேட்டை, பஞ்சுக்கு அரளேப்பேட்டை. ஆங்கிலேயர் வாயில் ‘பெட்டா’ ஆகி, கோட்டைக்கு வெளியே உள்ள கடைவீதிப் பகுதியைக் குறித்தது. கொழும்பு பெட்டா அந்த வழியில் வந்த பெயர். அதை அங்குள்ள தமிழர் புறக்கோட்டை என்பார்கள்.

சிந்தாதிரிப்பேட்டையைப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஏற்றுமதித் துணி வேண்டியிருந்தது. 1734-இல் ஆளுநர் மார்ட்டன் பிட், கூவம் வளைந்து போகும் இடத்தில் சுங்குராமர் என்ற வணிகரின் தோட்டத்தை எடுத்து, நூற்பவர், நெய்பவர், துணியில் வண்ணம் எழுதுபவர், வெளுப்பவர் ஆகியோரைக் குடியேற்றினார். ‘சின்னத் தறிப் பேட்டை’ மருவியதே இன்றைய பெயர் என்பது பரவலான விளக்கம். தறிக்காகத்தான் அங்கே தெருவே போட்டார்கள்.

1958-இல் கிண்டியில் ‘இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்’ வந்தது. அதற்குத் தமிழில் நிலைத்த பெயர் தொழிற்பேட்டை. இவ்வளவு கச்சிதமான கலைச்சொல் நமக்கு அபூர்வமாகவே வாய்த்திருக்கிறது.

நகரம் பெருத்தால் நாடு செழிக்கும் என்று பேசுகிறவர்கள் இந்தப் பெயரின் வரலாற்றைக் கவனிக்க வேண்டும். பணக்கார நாடுகளில் பெரும்பாலோர் நகரவாசிகள்தாம். ஆனால் எது எதை இழுத்து வந்தது? தென்கொரியாவில் 1960-இல் நூற்றுக்கு 28 பேர் நகரங்களில் இருந்தார்கள். 1990-இல் 74 பேர். சியோலின் குரோ தொழில் வளாகம் போன்ற இடங்களில் துணியும் விக்கும் தைத்த வேலைதான் கிராமத்துப் பெண்களை அங்கே அழைத்தது. காங்கோ ஜனநாயகக் குடியரசின் கின்ஷாசாவிலும் ஒரு கோடிக்கு மேல் மக்கள் இருக்கிறார்கள். வந்தவர்களை ஏற்கப் போதிய ஆலைகள் இல்லை. பெரும்பாலோர் அன்றாடம் எதையாவது விற்றுப் பிழைக்கிறார்கள். உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்றாகவே அந்த நாடு நீடிக்கிறது.

நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும், நகராட்சி போன்ற நகர்ப்புற அமைப்பு இல்லாத ஓர் இடத்தை வெறும் தலையை எண்ணி நகரம் என்று சொல்லிவிடுவதில்லை. ஐயாயிரம் பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் என்ற அளவுகளோடு, உழைக்கும் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயமல்லாத வேலை செய்ய வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கெடுப்பின்படி 2011-இல் தமிழ்நாட்டில் நகரவாசிகள் 48.4 சதவீதம், இந்தியா முழுவதும் 31 சதவீதம்தான்.

இப்போது நெடுஞ்சாலை ஓரங்களில் வயலில் கல் நட்டு, வண்ணக் கொடி கட்டி, வளைவு வைத்து ஏதோ ஒரு ‘நகர்’ என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே மனை உண்டு, வேலை கிடையாது. அதை வளர்ச்சிக் கணக்கில் சேர்க்க என் மனம் ஒப்பவில்லை.

உங்கள் ஊர்ப்பெயர் ‘பேட்டை’ என்று முடிந்தால், அங்கே முதலில் என்ன தொழில் நடந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.