நடைவண்டியும் தூளியும்



சென்ற மாதம் நம் மாடிப்படிக்குக் கீழே ஒரு மர நடைவண்டி கிடந்தது. பழைய சாமான்காரரிடம் போகவிருந்ததை ஒரு பாட்டி தடுத்துவிட்டார். "என் பிள்ளைகள் மூன்று பேரும் இதைப் பிடித்துத்தான் நடந்தார்கள்" என்றார். அந்த வண்டிக்காகவே இந்தக் கட்டுரை.

மூன்று சக்கர வண்டிக்கும் தமிழ்க் குழந்தைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. காவிரிப்பூம்பட்டினத்தில் உலரும் உணவைக் கொத்தவந்த கோழியை விரட்ட ஒரு பெண் காதணியைக் கழற்றி வீசுகிறாள். அது சிறுவன் உருட்டும் முக்கால் சிறுதேரை மறித்துக் கிடக்கிறது. இது பட்டினப்பாலை காட்டும் காட்சி. ஆண்பால் பிள்ளைத்தமிழிலும் சிறுதேர் ஒரு பருவம். அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமானோடு நடைவண்டியும் இன்றும் கடைகிறார்கள்.

நடைவண்டியில் குழந்தை தன் காலில் நின்று தள்ளுகிறது. உட்காரவைக்கும் சக்கர வாக்கர் வேறு. விபத்துகள் காரணமாக அதன் விற்பனையைக் கனடா 2004-இல் தடைசெய்தது. நடைவண்டியானாலும் பக்கத்தில் ஒருவர் இருக்கவேண்டும்.

அந்த ஒருவர் யார்? உத்திரத்தில் பழைய சேலையால் தூளி கட்டி, கயிற்றைக் கால்விரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே அரிசி புடைத்த பாட்டியும் அத்தையும்தான். வெறுந்தொட்டிலை ஆட்டக்கூடாது என்று அதட்டியவர்களும் அவர்களே. அதை யாரும் வேலை என்று கணக்கில் வைக்கவில்லை.

நம் முதலியார்பேட்டையில் ஏ.எஃப்.டி. பஞ்சாலை 1898-இல் தொடங்கியது. ஆலைச் சங்கு ஊதியதும் ஓடவேண்டிய தாய்க்குத் தூளியை ஆட்ட இன்னொரு கை வேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 50 பெண்களுக்கு மேல் வேலைசெய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1976-இல் அது 30 ஆனது. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், 50 பேர் பணிபுரியும் அலுவலகங்களுக்கும் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. பிள்ளை வளர்ப்பு தாய் ஒருத்தியின் பாடு மட்டும் அல்ல என்பதைச் சட்டம் மெல்ல மெல்ல ஒப்புக்கொண்டது.

இன்று நம் வீடுகளில் உத்திரம் இல்லை. பல வீடுகளில் பாட்டியும் இல்லை. அந்த நடைவண்டியைத் துடைத்து எண்ணெய் பூசிச் சங்க அறையில் வைத்திருக்கிறோம். வேண்டியவர்கள் பதிவேட்டில் எழுதி எடுத்துச் செல்லலாம். வேலைக்குப் போகும் தாய்மாருக்காக மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முன்வருவோரும் அதே பதிவேட்டில் பெயர் எழுதலாம். பாட்டியின் பெயர் ஏற்கெனவே முதல் வரியில் இருக்கிறது.