ஓரணாச் சிற்றுண்டி

நமது அல்சூர்ப் பகுதியின் கல்வி வரலாற்றைப் பேசப் புகுவோர், ஆர்க்காடு நாராயணசாமி முதலியாரை மறந்து மேலே செல்ல இயலாது. 1864 முதல் 1868 வரை அட்டாரா கச்சேரி என்னும் செந்நிறக் கட்டடத்தை எழுப்பிய ஒப்பந்தக்காரர் அவர். இன்று கருநாடக உயர்நீதிமன்றம் அங்கேதான் நடைபெறுகின்றது. அப்பெரியார் 1873-இல் ஏழைப் பிள்ளைகளுக்கென நிறுவிய இலவசப் பள்ளியே பின்னாளில் ஆர்.பி.ஏ.என்.எம். கல்வி நிலையங்களாகத் தழைத்தது. உழைத்து ஈட்டிய பொருளைக் கல்விக்கு ஈந்த அவ்வள்ளலை நாம் என்றும் நன்றியுடன் போற்றக் கடமைப்பட்டுள்ளோம்.

ஆயினும், இங்கே ஒரு வினா எழுகின்றது. வள்ளல் எவரும் தோன்றாத ஊரில் பிறந்த ஏழைப் பிள்ளை என் செய்யும்? தனி ஒருவரின் ஈகை தப்பிய இடத்தில் ஊர்ப் பொதுப்பணம் அன்றோ துணை நிற்க வேண்டும்? இவ்வாறு எண்ணி, எண்ணியதைச் செயலிலும் காட்டிய நகரசபைப் பெருமகன் ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுத விழைகின்றேன். அவர் சர் பிட்டி தியாகராயர்.

1852-இல் பிறந்த தியாகராயர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றவர். நெசவுத் தொழிலில் ஈடுபட்டவர். 1916-இல் தோன்றிய நீதிக்கட்சியின் மூலவர்களுள் ஒருவர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்னை நகராண்மைக் கழகத்தில் உறுப்பினராக அமர்ந்து, அதன் தலைவராகவும் விளங்கினார். தியாகராய நகர் என்றதும் துணிக்கடைகளை நினைக்கும் நம்மவருள் பலர், கழக மன்றத்தில் அவர் ஆற்றிய இப்பணியை அறிந்திலர்.

1920-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. நகரசபைகள் கல்வி வரி விதிக்கலாம். பிள்ளைகள் பள்ளிக்கு வருவதைக் கட்டாயமாக்கவும் செய்யலாம் என்பது அதன் சாரம். பள்ளி திறக்கலாம், ஆசிரியரை அமர்த்தலாம். ஆனால் பசித்த பிள்ளையைச் சட்டம் கொண்டு பலகையில் உட்கார வைக்க முடியுமா?

ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளைகள் மிக வறியவர்கள். அவ்வறுமையே பள்ளியின் மாணவர் எண்ணிக்கையைக் குறைக்கின்றது எனத் தியாகராயர் மன்றத்தில் எடுத்துரைத்தார். 1920 செப்டம்பர் 16-இல், பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவிற்கு மேற்படாமல் செலவிட்டுச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானம் நிறைவேறியது. பதினாறு அணா ஒரு ரூபாய் ஆகிய காலம் அது. பின்னர் இத்திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. 1922-23-இல் 811 ஆக இருந்த அப்பள்ளிகளின் மாணவர் தொகை, 1924-25-இல் 1,671 ஆயிற்று. ஈராண்டில் இரு மடங்குக்கு மேல்!

ஆனால் இடையூறு வேறு வழியில் வந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடுவது கூடாது என ஆங்கில அரசு மறுத்தது. 1925-இல் திட்டம் நின்றது. அவ்வாண்டிலேயே தியாகராயரும் மறைந்தார். இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு, இந்நிகழ்ச்சி நன்கு விளங்குகின்றது. எச்செலவை எத்தலைப்பில் எழுதுவது என்பது சிறு செய்தியன்று. சோறு கல்விச் செலவா, அன்றா என்பதே அன்றைய வழக்கு. தியாகராயர் அதனைக் கல்விச் செலவென்றே கொண்டார். அரசு அன்று என்றது.

காலம் யார் பக்கம் தீர்ப்பளித்தது? 1956-இல் காமராசர் ஆட்சியில் பகலுணவுத் திட்டம் வந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவாக விரித்தார். 2001-இல் உச்சநீதிமன்றம், அரசு தொடக்கப் பள்ளிகளிலும் உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு அளிக்க நாடு முழுமைக்கும் ஆணையிட்டது. 2002-இல் நாம் வாழும் இக்கருநாடகத்தில் அட்சர தாசோகத் திட்டம் தொடங்கிற்று.

என்னைப் பற்றிக் கூறுதல் முறையன்று; எனினும் ஒன்று சொல்வேன். சோலையார்பேட்டைக்கு அருகில் ஓர் ஊராட்சிப் பள்ளியில், 1980-களில், தட்டேந்தி வரிசையில் நின்ற சிறுவருள் நானும் ஒருவன். என் அன்னையார் பீடி சுற்றிக் கூலி பெற்றவர். நண்பகலில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அந்தச் சோறு இல்லையேல் பத்தாம் வகுப்பைத் தேறியிரேன். கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து எழுத்தனாக உயர்ந்திரேன். இம்மலரில் எழுதும் பேறும் பெற்றிரேன். என் கல்விக் கணக்கில் அச்சோற்றை வேறு எத்தலைப்பில் எழுதுவேன்?

நம் காலனிக் குடும்பங்களின் பிள்ளைகளுள் பலர் இன்று கட்டணப் பள்ளிகளில் பயில்கின்றனர். மகிழ்ச்சியே. ஆனால் நம் தெருமுனை அரசுப் பள்ளியும் நம் வரிப்பணத்தில் நடப்பதே. கருநாடக அரசுப் பள்ளிகளில் பெற்றோர் அங்கம் வகிக்கும் மேம்பாட்டுக் குழுக்கள் உள்ளன. அங்கே பிள்ளைகளை அனுப்பும் நம்மவர் அக்குழுக்களில் அமரத் தயங்கலாகாது. ஏனையோர் அவர்களுக்குத் துணை நிற்றல் வேண்டும். அமர்வோர், வந்த பிள்ளைகளை எண்ணுவதோடு நில்லாமல், வாராத பிள்ளை ஏன் வரவில்லை என்றும் கேட்பாராக. நூறாண்டுகளுக்கு முன் தியாகராயர் கேட்டது அக்கேள்வியைத்தான்.