வீட்டில் கட்டும் விமானம்: ரோட்டரி இன்ஜினுக்கு எந்த போல்ட் சரி?

அமெரிக்காவில் சொந்தமாக விமானம் கட்டுபவர்களில் சிலர், மஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் 13பி ரோட்டரி இன்ஜினைப் பொருத்துகிறார்கள். இதன் பாகங்களை அடுக்கி, நீண்ட போல்ட்களால் இறுக்குவார்கள். இறுக்கம் குறைந்தால் கூலன்ட் கசியும், இன்ஜினே கெட்டுப்போகலாம்.

தலையில் உள்ள எண் என்ன?

'10.9' என்றால் இழுவிசை வலிமை சுமார் 1,000 மெகாபாஸ்கல். அதில் 90 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும்.

விமான போல்ட்டே போடலாமே?

முடியாது. 'ஏஎன்' ரக விமான போல்ட் அங்குல அளவு, மஸ்டா மெட்ரிக். மரை சேராது. அதன் வலிமையும் சுமார் 860 மெகாபாஸ்கல்தான்!

அப்போ 12.9 இன்னும் நல்லதா?

அவசரப்படாதீங்க. அவ்வளவு கடினமான எஃகுக்கு மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகலாம். இறுக்கிய சில மணி நேரத்திலோ, நாட்கள் கழித்தோ போல்ட் பட்டென்று முறியும் ஆபத்து உண்டு.

எங்கே வாங்குவது?

1980களில் போலி முத்திரை போல்ட்கள் பெருகியதால், 1990-ல் அமெரிக்கா தனிச் சட்டமே கொண்டுவந்தது. எனவே இன்ஜின் நிறுவனத்தின் அசல் போல்ட், அல்லது சோதனைச் சான்றுடன் வரும் போல்ட்தான் பாதுகாப்பு. விலை குறைவுன்னு முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். நடுவானில் வண்டியை ஓரங்கட்ட முடியாதுல்ல!